உரம் என்று நினைத்த அழுகை

எங்கள் ஊர்ப் பக்கம் கைக்குழந்தை வீறிட்டு அழுதால், பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால், தூக்கினால் இன்னும் கத்தினால் அதற்கு ஒரு பெயர் தயாராக இருக்கும். உரம் விழுந்திருக்கு. தூக்கும்போதோ தூங்கும்போதோ கழுத்தோ தோளோ பிசகிவிட்டது என்று அர்த்தம். தெருவுக்கு ஒரு பாட்டி உரம் எடுக்கத் தெரிந்தவராக இருப்பார். பழைய நூல்சேலையின் நுனிகளை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, குழந்தையை நடுவில் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக உருட்டுவார்கள். முக்கால்வாசி நேரம் குழந்தை கொஞ்ச நேரத்தில் அழுகையை நிறுத்தித் தூங்கியும் போய்விடும். பாட்டிக்கு வெற்றிலை பாக்கும் ஒரு காப்பியும்.

2009 ஐப்பசியில் என் அக்கா மகனையும் அப்படித்தான் உருட்டினோம். சேலையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

அவனுக்கு அப்போது ஏழு மாதம். இரண்டு நாளாகக் காய்ச்சல். முதல் நாள் வீட்டில் இருந்த பாராசிட்டமால் சொட்டு, மறுநாள் பக்கத்து ஊர் க்ளினிக்கில் காட்டியதில் ஒரு ஆன்டிபயாடிக் சிரப். பல் முளைக்கிற வயசு, சளி வேறு இருக்கு, இரண்டு நாளில் சரியாகும் என்று சொல்லி அனுப்பினார்கள். அடைமழை, ஊரில் எல்லா வீட்டுக் குழந்தைகளுக்கும் காய்ச்சல், அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் காலையில் பாலை ஒதுக்கினான். அழுகை மாறியிருந்தது. வழக்கமாக அவன் பசிக்கு அழுதால் ஏறி இறங்கி, நடுவில் மூச்சு வாங்கி, யார் வருகிறார்கள் என்று ஒரு கண்ணால் பார்த்துவிட்டு மறுபடி தொடங்குவான். இது கிறீச்சென்று ஒரே சுருதியில், யாரையும் கூப்பிடாத அழுகை. அக்கா தூக்கினால் அதிகமாகும். பாயில் போட்டால் அடங்கி, விட்டத்தைப் பார்த்தபடி கிடப்பான்.

இப்போது எழுதும்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். அழுகிற குழந்தை தூக்கினால் அடங்க வேண்டும். தூக்கினால் அதிகமாகிறது என்றால், அசைத்தால் வலிக்கிறது என்று பொருள். மெனிஞ்சைட்டிஸ் என்ற நோயில், மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் மூன்று அடுக்குச் சவ்வு வீங்கிப் புண்ணாகிக் கிடக்கும்போது, மடியில் வைத்து ஆட்டுவதும் கழுத்து மடங்குவதும் அந்தச் சவ்வை இழுக்கும். நாங்கள் செய்தது ஆட்டுவதைவிடப் பெரிய காரியம். சேலையில் உருட்டியபோது அவன் போட்ட சத்தத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

உரம் எடுத்த பாட்டி போன பிறகு எங்கள் அப்பத்தா குழந்தையை மடியில் வாங்கினார். எண்பதைத் தாண்டியவர், ஒரு கண்ணில் புரை, எதையும் கையால் தடவித்தான் பார்ப்பார். அந்த ஏழு மாதமும் தினம் அவன் உச்சியில் எண்ணெய் வைத்தது அந்தக் கைதான். நிமிர்த்தி உட்காரவைத்து, அழுகை அடங்கியிருந்த நேரத்தில், வழக்கம்போல உச்சிக்குழியில் விரல் வைத்தவர் எடுக்கவே இல்லை. மறுபடி வைத்துப் பார்த்தார்.

"ஏத்தா, இது உரம் இல்ல. உச்சி பள்ளமால்ல இருக்கணும், பொங்கி நிக்கிது. மாவு உப்புன மாதிரி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கு."

எங்கள் வீட்டில் அவர் ஆஸ்பத்திரி என்ற வார்த்தையைச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அதனாலேயே எல்லோரும் பயந்துபோனோம். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, எங்கள் தெருவுக்குள் அது வந்தது அன்றுதான் முதல் தடவை.

நான் மருத்துவன் இல்லை, கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு இந்த நோயைப் பற்றிப் பிடிவாதமாகப் படித்திருக்கிறேன், டாக்டர்களைத் தொல்லைப்படுத்திக் கேட்டிருக்கிறேன். அப்பத்தா விரலில் பட்டது பாடப்புத்தகத்தில் இருக்கிற அறிகுறி. மண்டை ஓடு இன்னும் மூடாத குழந்தைக்கு உள்ளே அழுத்தம் கூடினால் உச்சி மேலே எழும்பும். அழும்போது இயல்பாகவே கொஞ்சம் எழும்பும் என்பதால், அழாத நேரத்தில் நிமிர்த்தி வைத்துப் பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்கில் உச்சி குழிவிழுந்தால் நம் பாட்டிமார் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், பொங்குவதையும் அதே விரல்தான் கண்டுபிடிக்கும். ஒரு பக்கம் தவறான பெயரைச் சொல்லிக் கொடுத்ததும் எங்கள் ஊர் அறிவுதான், காப்பாற்றியதும் அதுதான். அதனால் 'கிராமத்து மூடநம்பிக்கை' என்று யாராவது ஒரே போடாகப் போட்டால் எனக்கு எரிச்சல் வரும்.

எல்லோரும் கேட்கிற ஒரு கேள்வி, கழுத்து விறைப்பாக இருந்ததா? இல்லை. ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் தலைக்கு அடியில் கை கொடுத்து மடக்கிப் பார்த்தார், ஓரளவு மடங்கத்தான் செய்தது. ஒன்றரை வயதுக்குக் கீழே பல குழந்தைகளுக்குக் கழுத்து விறைக்காது. பச்சிளம் குழந்தை என்றால் காய்ச்சலே இல்லாமல் போகலாம், உடம்பு சில்லிட்டுக்கூடப் போகலாம். துணி மாதிரி தொய்ந்து கிடப்பது, எழுப்பினாலும் கண் திறக்காமல் தூங்குவது, பால் குடிக்காதது, மூச்சு ஒரு மாதிரி இழுப்பது, நிறம் வெளிறுவது, அவ்வளவுதான் தெரியும். பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் என்ன காரணம் என்று வீட்டில் யோசிக்கவே கூடாது, அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஏற்கெனவே என்ன மருந்து குடுத்தீங்க, பாட்டில் இருக்கா?" இல்லை, அவசரத்தில் எடுக்கவில்லை. சிரப்பில் போகும் ஆன்டிபயாடிக் இந்த நோயைக் குணப்படுத்தப் போதாது, ஆனால் அடையாளங்களை மங்கவைக்கப் போதும். சோதனைக்கு முதுகிலிருந்து எடுத்த நீரில் கிருமி வளராமலே போய்விடும். எங்கள் விஷயத்தில் வளரவில்லைதான். எதைக் குடித்திருந்தாலும் பாட்டிலையும் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள், டாக்டர் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

அப்புறம் அந்த ஊசி. முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்று சொன்னதும் மச்சான் சுவரில் சாய்ந்துவிட்டார். "முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிரும், எங்க சொந்தத்துல ஒரு பிள்ளைக்கு அப்பிடி ஆயிருக்கு" என்று எங்கள் மாமா ஒருவர் வராந்தாவில் நின்று சத்தம் போட்டார். அரைமணி நேரம் வீணானது. அந்த டாக்டருக்கு என்னைவிட வயது குறைவாக இருக்கும். கோபப்படாமல் சீட்டின் பின்பக்கத்தில் முதுகெலும்பைக் கோடாக வரைந்தார். தண்டுவடம் இங்கேயே முடிஞ்சிடுது, ஊசி போறது அதுக்குக் கீழ. அங்க நரம்பெல்லாம் தண்ணியில மிதக்கிற சேமியா மாதிரி, ஊசி வந்தா விலகிக்கும். கால் விளங்காமப் போன பிள்ளை இருந்தா, அது ஊசியால இல்ல, எந்த நோய்க்கு ஊசி போட்டாங்களோ அந்த நோயால. இந்தக் கடைசி வரிதான் மச்சானைக் கையெழுத்துப் போடவைத்தது. ஹைன்ரிச் குயின்கே என்ற ஜெர்மன் மருத்துவர் 1891இல் தொடங்கிவைத்த முறை இது, நூறு வருஷத்துக்கு மேலாகியும் இந்த நோயை உறுதி செய்ய இதற்கு ஈடு இல்லை. ஸ்கேனில் பல நேரம் ஒன்றும் தெரியாது.

நீர் சொட்டுவதை அக்கா கதவிடுக்கில் பார்த்திருக்கிறாள். அது குடிதண்ணீர் மாதிரி தெளிவாக வர வேண்டும். வந்தது அரிசி களைந்த தண்ணீர்.

பத்து நாள் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி. வேறொரு சோதனையில் கிருமியின் பெயர் தெரிந்தது, சுருக்கமாக ஹிப் என்பார்கள். சாதாரணமாகச் சிறுபிள்ளைகளின் தொண்டையில் சும்மா குடியிருக்கிற பாக்டீரியாதான், ஏதோ ஒரு குழந்தைக்கு ரத்தத்தில் இறங்கி மூளைச்சவ்வுக்குப் போய்விடுகிறது.

ஊரில் அதற்குள் 'மூளைக்காய்ச்சல்' என்று பரவி, எங்கள் தெருவில் பன்றி வளர்க்கிறவர்களோடு சண்டை ஆரம்பித்திருந்தது. தமிழில் இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு நோயைப் போட்டு அடைத்துவைத்திருக்கிறோம். கொசு கடித்து, பன்றி, கொக்கு வழியாக வருகிற ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மூளைக்குள்ளேயே நடக்கிற அழற்சி. இது மூளையைச் சுற்றிய உறையில் வருவது. இதைத்தான் டாக்டர்கள் மெனிஞ்சைட்டிஸ் என்கிறார்கள். மூளை உறை அழற்சி என்று புத்தகத்தில் இருக்கிறது, அந்தச் சொல்லை இதுவரை யார் வாயிலும் கேட்டதில்லை. இரண்டும் சில நேரம் சேர்ந்தே வரும் என்பது வேறு விஷயம். பாவம் அந்தப் பன்றிக்காரர்கள்.

பெரியவர்களுக்கு வந்தால் சுலபமாகத் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாய் இருக்கிறதே, தலை வலிக்கிறது என்று சொல்லுவார்களே. 2017இல் என் சித்தப்பாவுக்கு வரும்வரை.

சித்தப்பா பஸ் கண்டக்டர். முப்பது வருஷ சர்வீஸ். காலையில் முதல் ட்ரிப்பில் ஏறியவருக்குத் தர வேண்டிய மூன்று ரூபாய் பாக்கியைச் சாயங்காலம் பார்த்தாலும் நினைவு வைத்துக் கொடுப்பவர். அந்த மாசியில் மாலை நேரத்தில் லேசான காய்ச்சல், ஓயாத தலைவலி, சாப்பாடு இறங்கவில்லை. கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று புதுக் கண்ணாடி வாங்கினார். தலைவலி போகவில்லை. இரண்டு வாரம் கழித்து அவருடைய டிக்கெட் கணக்கு இடிக்க ஆரம்பித்தது. ஐம்பது ரூபாய்க்குச் சில்லறை கொடுக்கும்போது கையில் நோட்டை வைத்துக்கொண்டு யோசிப்பாராம். எரிந்து விழாத மனிதர், பயணிகளிடம் எரிந்து விழுந்தார். சித்தி என் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, குடிக்கப் பழகிவிட்டாரோ என்று அழுதாள். வாழ்நாளில் தொடாத மனிதரைப் பற்றி. ஒருநாள் விடியற்காலை குமட்டலே இல்லாமல் வாந்தி எடுத்துவிட்டு வாசலுக்கு வந்தவர், ரோட்டைப் பார்த்து "என்ன ரெண்டு பஸ் ஒண்ணா வருது?" என்றார். வந்தது ஒன்றுதான்.

காசநோய்க் கிருமி மூளைச்சவ்வில் உட்கார்ந்துவிட்டது. நுரையீரலில் இருமல் எதுவும் இல்லை, அதனால் டி.பி. என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. என் மருமகனுக்கு மூன்று நாளில் முற்றியது இவருக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு மெல்ல வந்தது. மண்டைக்குள் அழுத்தம் கூடும்போது கண்ணை வெளிப்பக்கமாகத் திருப்புகிற நரம்பு நசுங்கும், அதனால்தான் இரண்டு பஸ். ஸ்டீராய்டும் டி.பி. மாத்திரைகளுமாக ஒரு வருஷம் வைத்தியம், மாத்திரைகள் அரசாங்கத்தில் இலவசமாகவே கிடைத்தன. முதல் வாரம் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போக, ரத்தம் என்று பயந்து கத்தினார். அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், சொல்லியிருந்தார்கள், அவர்தான் மறந்துவிட்டார். பிழைத்துக்கொண்டார். இன்றும் களைத்துப்போனால் இடது கண் உள்பக்கம் இழுக்கும்.

காய்ச்சல், கழுத்து விறைப்பு, மனக் குழப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். 2004இல் நெதர்லாந்தில் பாக்டீரியா மெனிஞ்சைட்டிஸ் வந்த பெரியவர்களின் 696 சம்பவங்களைப் பார்த்ததில், அந்த மூன்றும் சேர்ந்து இருந்தவர்கள் 44 சதவீதம்தான். ஆனால் தலைவலியையும் சேர்த்து நான்காக எடுத்துக்கொண்டால், 95 சதவீதம் பேருக்கு அதில் குறைந்தது இரண்டு இருந்தது. எனக்கு அதுதான் கணக்கு. காய்ச்சலோடு வழக்கத்தில் இல்லாத தலைவலியா, காய்ச்சலோடு பேச்சில் தடுமாற்றமா, போய்க் காட்டிவிட வேண்டியதுதான். கழுத்து விறைக்கிறதா என்று கொஞ்சம் பெரிய பிள்ளையிடம் "உன் தொப்புளைக் குனிந்து பார்" என்று சொல்லிப் பார்க்கலாம். வாயை இறுக்கி, முதுகோடு சேர்த்துச் சாய்ந்து பார்க்க முயன்றால் சந்தேகப்படலாம். ஆனால் நன்றாகக் குனிந்துவிட்டால் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

வயதானவர்கள் விஷயம் இன்னும் மோசம். சர்க்கரை இருக்கிறவர், எழுபதைத் தாண்டியவர் என்றால் காய்ச்சல்கூட ஒழுங்காக அடிக்காது. தூங்கித் தூங்கி விழுவார், இருக்கிற ஊரை வேறு ஊர் என்பார், ஜன்னி கண்டதுபோல எதையோ பேசுவார். வீட்டில் உடனே "சுகர் இறங்கிருச்சு" என்று ஒரு கரண்டி சர்க்கரையை வாயில் போடுவார்கள். சுகர் பார்ப்பது சரிதான், முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான். அது சரியாக இருந்தும் பேச்சு தெளியவில்லை என்றால் வயசுக்கோளாறு என்று விடாதீர்கள். காதில் சீழ் வடிகிறவர்கள், பைக்கில் விழுந்து மண்டையில் அடிபட்டு அப்புறம் குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகுகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் கிருமி உள்ளே போகக் கதவு திறந்தே கிடக்கிறது. வெறும் ஜலதோஷம் என்று அந்தத் தண்ணீரை வருஷக்கணக்காகத் துடைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

வெளிச்சம் பட்டால் கண் கூசுவது, கை கால் சில்லென்று இருக்க உடம்பு மட்டும் கொதிப்பது, காலில் நிற்கமுடியாத வலி, வலிப்பு என்று இன்னும் இருக்கின்றன. வலிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சல் வேகத்தில் வருகிற வலிப்பு பெரும்பாலும் ஆபத்தில்லாதது, நிமிஷத்தில் நின்று பிள்ளை எழுந்து விளையாடும். வலிப்பு நின்ற பிறகும் பிள்ளை தெளியவில்லை, மறுபடி வருகிறது, அல்லது ஆறு மாதம்கூட ஆகவில்லை என்றால் அது வேறு. சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துக் காத்திருக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் போடாமல், வண்டியைக் கூப்பிடுங்கள்.

இணையத்தில் தேடினால் முதலில் வருவது தடிப்பும் கண்ணாடி டம்ளரும். தோலில் சிவப்பு, ஊதாப் புள்ளிகள் வரும், கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாது, அப்படியென்றால் ஆபத்து. உண்மைதான். அது மெனிங்கோகாக்கஸ் என்ற கிருமி ரத்தத்தில் பரவியதன் அடையாளம், டெல்லியில் 1985லும் 2005லும் பெரிய அளவில் பரவியது அதுதான். ஆனால் நம் வீட்டு சில்வர் டம்ளரில் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது என்பது ஒருபுறம், நம் நிறத்தில் அந்தப் புள்ளிகள் சட்டென்று கண்ணில் படாது என்பது இன்னொரு புறம். உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உள்பக்கம், வாயின் மேல் அண்ணம், இங்கேதான் பார்க்க வேண்டும். புள்ளி தெரிந்தால் அடுத்த நிமிஷம் கிளம்புங்கள், தெரியாவிட்டால் நிம்மதி அடையாதீர்கள். மற்ற கிருமிகளில் பெரும்பாலும் புள்ளியே வராது. என் மருமகனுக்கும் வரவில்லை, சித்தப்பாவுக்கும் வரவில்லை.

எல்லா மெனிஞ்சைட்டிஸும் உயிருக்கு ஆபத்து இல்லை. பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளைக்கு அடுத்து தலைவலியும் வாந்தியும் வந்தால் அது பெரும்பாலும் வைரஸ், சில நாளில் தானாக அடங்கும். ஆனால் அது வைரஸா பாக்டீரியாவா என்று கூடத்தில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது, டாக்டராலும் முடியாது. இன்னொரு கோடியில், 2024லிருந்து கேரளத்தில் அடிக்கடி செய்தியில் வருகிற மூளை தின்னும் அமீபா. குளத்திலோ ஆற்றிலோ குதிக்கும்போது மூக்கு வழியாக ஏறுகிறது. சில நாளில் இதே தலைவலி, இதே காய்ச்சல். உலக அளவில் பிழைத்தவர்கள் மிகக் குறைவு, ஆனால் 2024இல் கோழிக்கோட்டில் ஒரு பையன் பிழைத்தான், சீக்கிரம் கண்டுபிடித்ததால். பிள்ளை போன வாரம் எங்கே குளித்தான் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஹிப் கிருமிக்குத் தடுப்பூசி உண்டு. 2009இல் காசு கொடுத்தால் தனியாரில் போட்டுக்கொள்ளலாம், எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அரசாங்கத்தில் ஐந்து நோய்க்கான ஒரே ஊசியில் சேர்த்து, நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வந்தது 2011 டிசம்பரில். "ரெண்டு வருஷம்" என்று அக்கா ஒரு தடவை சொன்னாள், மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இதே நோயைத் தருகிற இன்னொரு கிருமியான நிமோகாக்கஸுக்கான ஊசி 2021இல் நாடு முழுக்க வந்துவிட்டது. பிறந்ததும் போடுகிற பி.சி.ஜி. பெரியவர்களை அவ்வளவாகக் காப்பாற்றாது, சிறுபிள்ளைகளை டி.பி. மெனிஞ்சைட்டிஸிலிருந்து காப்பாற்றும். மெனிங்கோகாக்கஸ் ஊசி மட்டும் அரசாங்கப் பட்டியலில் இல்லை, ஹஜ் போகிறவர்களும் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளும் போட்டுக்கொள்கிறார்கள்.

பத்து நாள் முடிந்து மருமகன் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான், அப்பத்தா திருஷ்டி சுற்றிப் போட்டார், நாங்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். ஏழு மாதம் கழித்து ஒருநாள் அம்மா அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்து கிலுகிலுப்பை ஆட்ட, அவன் வலது பக்கம் திரும்பித் தேடினான். மறுபடி ஆட்டினாள், மறுபடி வலது பக்கம். இந்த நோய் போகும்போது அதிகமாக எடுத்துக்கொண்டு போவது காதைத்தான். வீட்டுக்கு அனுப்பும்போதோ அல்லது நான்கு வாரத்துக்குள்ளோ காது கேட்கிறதா என்று பெரா சோதனை செய்திருக்க வேண்டும், எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. தாமதித்தால் உள்காது சுண்ணாம்பு மாதிரி இறுகிப்போய், கேட்க உதவும் காக்ளியர் கருவியை அதற்குள் வைக்கவும் கஷ்டமாகிவிடும். இரண்டு காதும் போன குழந்தைக்கு அந்தச் சில மாதங்கள் எவ்வளவு பெரியவை என்று யோசித்துப் பாருங்கள். அவனுக்கு ஒன்று தப்பியது.

இப்போது 16 வயது. அப்பத்தா இல்லை. பள்ளிக்கூட அணியில் கபடி ஆடுகிறான், எப்போதும் லெஃப்ட் கார்னர்தான். வேறு இடத்தில் நிற்கச் சொன்ன புது பி.டி. வாத்தியாரிடம், அங்கே நின்றால்தான் சார் எல்லாரும் என் வலது பக்கம் இருப்பாங்க, கூப்பிட்டா கேட்கும் என்றானாம்.